காட்டுவதும் காட்டிக்கொடுப்பதும்

அண்மைக் காலத்தில் நம் மாவட்டத்தில் ஒரு புதிய பொழுதுபோக்கு வளர்ந்து வருகின்றது. புரட்டாதி கழிந்து வடபுலத்துப் பறவைகள் நம் கரைகளில் வந்திறங்கத் தொடங்கியதும், அவற்றைப் பின்தொடர்ந்து கமராக்காரரும் வந்து சேர்கின்றனர். நிலாவெளி, குச்சவெளிப் பகுதிகளின் கடனீரேரிக் கரைகளிலும், தம்பலகாமத்து வயல் வரப்புகளிலும், மகாவலி கங்கை கொட்டியாரக் குடாவிலே கலக்கும் சதுப்பு நிலங்களிலும், முழங்கை நீள வில்லை பூட்டிய கமராக்களுடன் அவர்களைக் காணலாம். கொழும்பிலிருந்து வருவோர் உளர். கடல் கடந்து வருவோர் உளர். சில ஆண்டுகளாக நம்மூர் இளைஞரும் அவர்களோடு சேர்ந்துள்ளனர். மணிக்கணக்காகச் சேற்றில் மண்டியிட்டு அவர்கள் காத்திருப்பது பெரும்பாலும் ஓர் அரிய பறவைக்காகவே. கொக்கும் காகமும் எதிரே வந்து நின்றாலும் கமரா அவற்றின் பக்கம் திரும்புவதில்லை.

இதில் அறம் பற்றிய கேள்வி எங்கே எழுகின்றது என்று வாசகர் கேட்கலாம். இங்கே கொலை இல்லை, களவு இல்லை, பார்ப்பதும் படம் எடுப்பதுமே உண்டு. நாமும் அவ்வாறுதான் எண்ணியிருந்தோம். நம்மிடம் பயிலும் மாணவன் ஒருவனின் கேள்வி அவ்வெண்ணத்தைக் கலைத்தது.

சிறுபோகக் காலம். வயலோரத்துத் தரிசு மேடொன்றில் ஆட்காட்டிப் பறவை ஒன்று முட்டையிட்டிருந்தது. கூடென்று சொல்ல ஏதுமில்லை. மண்ணிலே ஒரு சிறு குழிவு, அதனுள் மண்கட்டி நிறத்தில் நான்கு முட்டைகள். அந்த மாணவன் தன் கைப்பேசியால் எடுத்த படத்தை வகுப்புக்குக் கொண்டுவந்தான். நாம் அதனை அனைவரும் காண உயர்த்திப் பிடித்து அவனை மனமாரப் பாராட்டினோம். மறுநாள் அவன் நண்பர்கள் ஐந்தாறு பேர் அங்கே சென்றனர். படமும் இடமும் கைப்பேசிகளின் வழியே பரவின. மூன்றாம் நாள் பட்டினத்திலிருந்து பெரிய கமராக்களுடன் சிலர் வந்து, நண்பகல்வரை அவ்விடத்தை விட்டு அகலவில்லை. நான்காம் நாள் முட்டைகளைக் காணவில்லை. காகம் கொண்டுபோயிற்றோ கீரி தின்றதோ, யாரறிவார்? பறவைகள் இரண்டும் வெறும் மேட்டைச் சுற்றிச் சுற்றிக் கத்திக்கொண்டிருந்தன.

மாணவன் வாடிய முகத்துடன் வந்து நின்றான். "ஒருத்தரும் தொடவில்லை, சேர். அது அரிய பறவையும் இல்லைத்தானே?" என்றான்.

இவ்விரு வாக்கியங்களுக்கும் அன்று நம்மிடம் விடையில்லை. முட்டைகள் அழிந்ததற்கு அவனைவிட அவனைப் பாராட்டிய நாமே பொறுப்பு என்பதை மட்டும் உணர்ந்தோம். தொடாமலே தீங்கு செய்ய முடியுமா? அரிதல்லாத ஒன்றுக்குச் செய்த தீங்கு, சிறிய தீங்காகிவிடுமா? இக்கேள்விகளையே இங்கு ஆராய முற்படுகின்றோம்.

அதற்கு முன் நம் தோழர் சிலரின் தடையொன்றுக்கு விடை கூறவேண்டும். போரும் ஆழிப்பேரலையும் உருக்குலைத்த மாவட்டம் இது. மீனவனுக்கு எரிபொருள் விலையும் கமக்காரனுக்கு உர விலையும் நெஞ்சை அடைக்கும் காலம் இது. இவ்வேளையில் பறவை பார்ப்பது வசதி படைத்தோரின் களியாட்டமன்றி வேறென்ன என்று அவர்கள் கேட்பர். இக்கேள்வியில் நியாயம் உண்டு. உயர்ந்த வகை வில்லை ஒன்றின் விலை, நம் நாட்டு ஆசிரியர் ஒருவரின் பல ஆண்டுச் சம்பளத்துக்கு ஈடாகும். ஆயினும், உழைப்பவனுக்கு வயிறு மட்டுமே உண்டு, கண் இல்லை என்பது நம் கொள்கையாக இருத்தல் இயலாது. எட்டு மணிநேர வேலைக்காகப் போராடிய தொழிலாளர், எட்டு மணிநேர உறக்கத்தோடு, தமக்கே உரியதாக இன்னும் எட்டு மணிநேரத்தையும் கோரினர். அழகியதொன்றை, அதனால் வரும் ஆதாயம் கருதாது பார்த்து நிற்கும் உரிமையும் அந்தக் கோரிக்கையில் அடங்கியதே.

தமிழிலே இதற்குப் பழைய சான்று உண்டு. சத்திமுற்றப் புலவர் வானிற் சென்ற நாரையைப் பார்த்தார். அதன் அலகையும் காலையும் கூர்ந்து நோக்கினார். ஆனால் அவர் தம் வறுமையை மறந்து பார்க்கவில்லை. போர்த்த ஆடையின்றிக் குளிரில் ஒடுங்கிக் கிடக்கும் தம் நிலையை ஊரிலுள்ள மனைவிக்குச் சொல்லும்படி அந்த நாரையிடமே வேண்டினார். பறவையின் வடிவமும் பசியின் கொடுமையும் ஒரே பாட்டில் இடம்பெற்றன. ஒன்றைக் காண மற்றொன்றுக்குக் கண்ணை மூடவேண்டியதில்லை என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுமா?

மேலும், இந்தப் பார்வை நம் மக்களுக்கு நெடுங்காலம் மறுக்கப்பட்டிருந்தது. துறைமுகத்தின் பல பகுதிகள் கடற்படைக்கு உரியவை. சீனக்குடா விமானப்படைக்கு உரியது. போர் நிகழ்ந்த ஆண்டுகளில் தமிழ் இளைஞன் ஒருவன் தொலைநோக்கியுடன் கடற்கரையில் நின்றால், அவன் ஆலாக் குருவியைப் பார்க்கிறான் என்று எந்தச் சோதனைச்சாவடி நம்பியிருக்கும்? 2009இல் போர் முடிந்தபின் வளர்ந்த இளைஞன் ஒருவன் அச்சமின்றி நின்று கடற்பறவையைப் பார்க்கின்றான் என்றால், அது மகிழத்தக்கதே. ஆகவே பார்ப்பது குற்றமன்று. எவ்வாறு பார்க்கின்றோம், பார்த்தபின் யாது செய்கின்றோம் என்பதே கேள்வி.

திருகோணமலைக்கும் பறவை ஆராய்ச்சிக்கும் உள்ள தொடர்பு பழையது. டாஸ்மேனியாவிற் பிறந்து, பிரித்தானியப் பீரங்கிப் படை அதிகாரியாக 1868 முதல் 1877 வரை இலங்கையிற் கடமையாற்றிய வின்சன்ட் லெக் என்பவர், இத்துறைமுகத்திலும் பணிபுரிந்தவர். 1878க்கும் 1880க்கும் இடையே வெளிவந்த அவரது இலங்கைப் பறவைகளின் வரலாறு, பின்வந்தோர் அனைவருக்கும் அடிப்படையாக அமைந்த பெருநூல். ஆனால் அவர் காலத்தில் பறவையை அறிதல் என்பது அதனைச் சுட்டு வீழ்த்துவதோடு தொடங்கிற்று. தோலை உரித்துப் பஞ்சடைத்து, அளவும் நாளும் இடமும் எழுதிக் கட்டிப் பெட்டியில் அடுக்குவர். லெக் கொடியவர் அல்லர். தம் காலத்தின் அறிவியல் முறையையே கைக்கொண்டார். எனினும் அம்முறை ஒரு மனநிலையை வளர்த்தது. அறிந்தது என்றால் கைப்பற்றியது. கைப்பற்றியவற்றுள் சிறந்தது பிறரிடம் இல்லாதது. இதுவே அம்மனநிலை.

இம்மனநிலை எங்கே கொண்டுபோய் விடும் என்பதை வட அத்திலாந்திக் கடலில் வாழ்ந்த பேரோக் என்னும் பறவையின் கதை உணர்த்தும். பறக்க இயலாத அப்பெரும் பறவையை மாலுமிகள் இறைச்சிக்கும் இறகுக்கும் எண்ணெய்க்குமாகக் கொன்று குறைத்தனர். குறைந்ததனால் அது அரிதாயிற்று. அரிதானதனால் காட்சிச்சாலைகளும் சேகரிப்போரும் அதற்குக் கொடுத்த விலை உயர்ந்தது. விலை உயர்ந்ததனால் எஞ்சியவற்றைத் தேடி ஆட்கள் சென்றனர். 1844 ஜூன் மாதத்தில், ஐஸ்லாந்துக் கரைக்கு அப்பாலுள்ள எல்டே என்னும் பாறைத் தீவில், கடைசி இணை என்று அறியப்பட்ட இரண்டும் சேகரிப்போருக்காகக் கொல்லப்பட்டன. பசிக்காகக் கொன்றவன் அப்பறவையைக் குறைத்தான். அதன் அருமையை மெச்சியவன் அதனை முடித்துவைத்தான்.

இன்று துப்பாக்கியின் இடத்தைக் கமரா பெற்றுள்ளது. இது பெரிய முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. படம் எடுத்தபின்னும் பறவை பறந்து செல்கின்றது. ஆனால் கருவி மாறிய அளவுக்கு மனநிலை மாறியுள்ளதா? நம் மொழியைச் சற்றுக் கவனிப்போம். மீனைப் பிடிக்கின்றோம், பறவையைப் பிடிக்கின்றோம், படத்தையும் பிடிக்கின்றோம். விரும்பியதைப் 'பிடித்திருக்கிறது' என்கின்றோம். விருப்பத்துக்கும் கைப்பற்றலுக்கும் ஒரே சொல்லை வழங்குகின்ற நாம், ஒன்று மற்றொன்றாக மாறும் கணத்தை அறியாமற் போவது எளிது. தன் பட்டியலில் இன்னும் ஓர் இனத்தைச் சேர்க்கவேண்டும், பிறர் எடாத படத்தை எடுக்கவேண்டும் என்று விரைபவனின் பெட்டியில் பஞ்சடைத்த தோல் இல்லை. ஆனால் பெட்டி இருக்கின்றது.

இனி, தொடாமலே தீங்கு செய்ய இயலுமா என்ற கேள்விக்கு வருவோம். இயலும். ஆட்காட்டியும் ஆலாவும் நம் உப்பளக் கரைகளில் வாழும் சிறு கடற்கரைப் பறவைகளும் வெறுந்தரையிலே முட்டையிடுபவை. தாய்ப் பறவை முட்டைமேல் அமர்வது சூடு கொடுப்பதற்கு மட்டுமன்று. நம் வெயிலிலிருந்து அவற்றுக்கு நிழல் கொடுப்பதற்குமாகும். ஆள் நிற்கும்வரை அது திரும்பி வராது. அரைமணி நேரம் நாம் நல்ல ஒளிக்காகக் காத்திருந்தால், அந்த அரைமணி நேரமும் முட்டைகள் வெயிலில் வேகின்றன. மரத்திலிருந்து காகம் பார்த்துக்கொண்டிருக்கின்றது. நடு ஆசியாவையும் அதற்கு அப்பாலுள்ள வடபுலத்தையும் கடந்து வந்து நம் சேற்றுக்கரைகளில் இரைதேடும் உள்ளான்களோ, திரும்பிச் செல்லும் நெடும்பயணத்துக்கான கொழுப்பை இங்கேதான் உடலிற் சேர்த்துக்கொள்கின்றன. பறக்கும் நிலையில் படம் வேண்டுமென்று ஒருவன் அவற்றைக் கைதட்டி எழுப்பும்போது, அந்தச் சேமிப்பிலிருந்து அவன் சிறிது திருடுகின்றான். மறைந்து வாழும் பறவையை வெளியே வரச்செய்ய அதன் குரலையே ஒலிப்பதிவு செய்து ஒலிக்கச் செய்வாரும் உளர். தன் எல்லைக்குள் பகைவன் புகுந்தான் என்று எண்ணி அப்பறவை இரையையும் குஞ்சையும் விட்டு ஓடிவருகின்றது. இவற்றுள் எதிலும் மனிதன் கை பறவைமேற் படவில்லை.

எல்லாவற்றினும் பெரிய தீங்கு, இடத்தை வெளியிடுவதாகும். வட அமெரிக்காவில் பயணப்புறா என்றோர் இனம் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவை கோடானுகோடியாக வானத்தை மறைத்துப் பறந்தன. காடுகள் அழிக்கப்பட்டன, வேட்டை பெருந்தொழிலாயிற்று. தந்தியும் புகையிரதமும் வந்தபின், புறாக்கூட்டம் எங்கே இறங்கிற்று என்ற செய்தி தந்தியிலே பறந்தது. வேட்டைக்காரர் புகையிரதத்தில் ஏறி அவ்விடம் சென்றனர். கொன்ற புறாக்கள் அதே புகையிரதத்தில் நகரச் சந்தைக்குப் போயின. அவ்வினத்தின் கடைசிப் பறவை 1914 செப்டெம்பர் முதலாம் நாள் சின்சினாட்டி மிருகக்காட்சிச்சாலையின் கூண்டில் இறந்தது. தந்தி யாரையும் சுடவில்லை; அது செய்தியை மட்டுமே கொண்டுசென்றது. இன்று நம் கைப்பேசி, இடத்தின் குறியீட்டோடு கூடிய படத்தை ஒரு நொடியில் ஆயிரம் பேருக்கு அனுப்புகின்றது. தமிழிலே 'காட்டுதல்' என்றொரு சொல்லும் 'காட்டிக்கொடுத்தல்' என்றொரு சொல்லும் உண்டு. ஒன்று ஆசிரியன் செய்வது. மற்றது துரோகி செய்வது. கடந்த முப்பது நாற்பது ஆண்டுகளை இம்மண்ணில் வாழ்ந்து கழித்தவர்க்கு இவ்வேறுபாட்டை விளக்கவேண்டியதில்லை. ஆனால் நம் மாணவனுக்கு அதனை நாம் கற்பிக்கவில்லை. வகுப்பிலே முட்டைகளின் படத்தை உயர்த்திப் பிடித்தபோது, காட்டுகின்றோம் என்று எண்ணிக் காட்டிக்கொடுத்தோம்.

"அது அரிய பறவையும் இல்லைத்தானே?" என்பது அவன் கேள்வியின் மறுபாதி. அருமை என்பது யாது? இதற்கு நம் கண்முன்னே நிற்கும் பாடம் நிலாவெளிக்கு எதிரே கடலில் உள்ள புறாத்தீவு. அங்கே பாறை இடுக்குகளில் கூடுகட்டி வாழும் காட்டு மாடப்புறாக்களே அதற்குப் பெயர் தந்தன. குடியேற்ற ஆட்சிக் காலத்தில் அத்தீவு சுடுபயிற்சிக் களமாகப் பயன்பட்டது. 1963இல் சரணாலயமாகவும், 2003இல் தேசியப் பூங்காவாகவும் அது அறிவிக்கப்பட்டது. இலங்கையில் இயற்கையான பாறைவாழ்வை விடாத மாடப்புறாக்களைக் காணத்தக்க இடங்கள் மிகச் சிலவே. ஆகவே பறவை பார்ப்போர் படகேறி அங்கே செல்கின்றனர். ஆனால் அந்தப் புறா எது? நம் கோயிற் கோபுரத்திலும் சந்தைக் கூரையிலும் எச்சமிடுகின்றது என்று நாம் விரட்டும் புறாவின் மூதாதையே அது. உலகத்து நகரங்கள் யாவற்றிலும் நெருங்கி வாழும் அதே இனம். பாறையில் நின்றால் அரியது. கூரையில் நின்றால் எளியது. இறகு ஒன்றே, கண் ஒன்றே, பசி ஒன்றே. அப்படியாயின் அருமை என்பது பறவையின் உடம்பில் உள்ள குணமன்று. எத்தனை எஞ்சியுள்ளன, எங்கே எஞ்சியுள்ளன, ஏன் மற்றவை எஞ்சவில்லை என்ற வரலாற்றுக்கு நாம் இட்ட பெயரே அருமை.

அருமையையே அளவாகக் கொள்ளும் கண், எளியது மறைவதைக் காணாது. பயணப்புறா ஒருகாலத்தில் யாவற்றினும் எளிய பறவையாக இருந்தது. இவ்வளவு தொலைவு போகவேண்டியதுமில்லை. இந்தியாவில் ஊர்தோறும் கூட்டங்கூட்டமாக இருந்த வெண்முதுகுப் பாறுக் கழுகுகள், 1990களில் தொடங்கிச் சில ஆண்டுகளுள் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் அழிந்தன. கால்நடைகளுக்கு வலிநீக்கியாகக் கொடுக்கப்பட்ட டைக்குளோபினாக் என்னும் மருந்து, இறந்த மாட்டின் உடல்வழியே அவற்றின் சிறுநீரகத்தைக் கெடுத்தது என்பது 2004இல் தெளிவாயிற்று. 2006இல் இந்தியா கால்நடைகளுக்கு அம்மருந்தைத் தடைசெய்தது. பிணந்தின்னி என்று முகம் சுளித்த நாம், அவை இருந்தபோது எண்ணவில்லை, அரிதானபின் தேடுகின்றோம். விலையுயர்ந்ததே மதிப்புடையது என்னும் சந்தையின் நீதி, பறவை பார்க்கும் கண்ணுக்குள்ளும் குடிபுகுந்துவிட்டது என்பதன்றி இதற்கு வேறு விளக்கமில்லை. பண்டங்களின்மேல் அந்த நீதி ஆட்சி செய்வதை எதிர்க்கும் நாம், உயிர்களின்மேல் அது ஆட்சி செய்ய இடங்கொடுத்தல் தகுமா?

அரிய பறவையின் படத்தில் பெரும்பாலும் இல்லாத ஒன்று உண்டு. அது மனிதன். படத்தின் ஓரத்தில் மீனவனின் வள்ளமோ மிதிவண்டியோ தென்பட்டால் வெட்டி நீக்கிவிடுகின்றனர். ஆனால் பறவை எங்கே என்று காட்டியவன் அந்த வள்ளக்காரனே. ஆலாக்கள் தாழ்ந்து வட்டமிடும் இடத்தில் மீன்கூட்டம் உண்டு என்பதைக் கரைவலை இழுப்பவன் எந்த நூலிலும் படித்து அறியவில்லை. படத்தின் கீழே எடுத்தவர் பெயர் உண்டு. காட்டியவர் பெயர் இல்லை. இதன் விளைவாக, மனிதரில்லாத நிலமே தூய நிலம் என்றொரு பொய் நம் உள்ளத்தில் வேரூன்றுகின்றது.

இப்பொய் ஆபத்தானது. 1953இல் போர் ஓய்ந்தபின் கொரிய நாட்டை இரண்டாகப் பிளந்து, ஏறக்குறைய 250 கிலோமீற்றர் நீளமும் 4 கிலோமீற்றர் அகலமும் உடைய படையற்ற வலயம் ஒன்று ஏற்பட்டது. மனிதர் புகாத அவ்வலயத்தையும் அதன் ஓரத்து வயல்களையும் உலகில் அருகிவரும் செந்தலைக் கொக்குகள் குளிர்கால உறைவிடமாகக் கொண்டுள்ளன. கொக்குகளுக்காக மகிழலாம், ஆனால் அந்த அமைதி கண்ணிவெடிகளும் பிரிந்த குடும்பங்களும் கொடுத்த விலை என்பதை மறந்து மகிழலாமா? நம் கொட்டியாரக் குடாவின் தென்கரையிலுள்ள சம்பூர் மக்கள் 2006இல் போரினால் துரத்தப்பட்டனர். 2007இல் அவர்கள் நிலம் உயர்பாதுகாப்பு வலயமாயிற்று. பின்னர் அங்கே நிலக்கரி மின்னிலையம் அமைக்கத் திட்டமிடப்பட்டது. 2016இல் அது கைவிடப்பட்டது. 2015க்குப் பின்பே மக்கள் தம் காணிகளுக்குத் திரும்பத் தொடங்கினர். அவர்கள் அகதி முகாமில் இருந்த ஆண்டுகளில், உழாத வயலிலும் காடேறிய முற்றத்திலும் பறவைகள் பெருகியிருக்கக்கூடும். அந்நாளில் அங்கே ஒருவன் எடுத்த படம் மிக அழகாகவும் இருந்திருக்கக்கூடும். ஆனால் அந்த அழகை அளவாகக் கொண்டு, திரும்பி வந்த கமக்காரனை ஆக்கிரமிப்பாளன் என்று அழைப்போமானால், நாம் பறவையின் நண்பர் அல்லர்; துரத்தியவனின் நண்பர்.

மனிதரும் பறவையும் ஒருங்கு வாழ முடியாது என்பதும் உண்மையன்று. தமிழகத்தின் வேடந்தாங்கலில் ஊர்மக்களே ஏரிப் பறவைகளைக் காத்துவந்தனர். பறவை எச்சம் கலந்த நீர் தம் வயலுக்கு உரமாவதை அவர்கள் அறிந்திருந்தனர். சிப்பாய்கள் அங்கே பறவைகளைச் சுட்டபோது ஊரார் முறையிட, 1798 அளவில் செங்கற்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேஸ் அவர்களின் காவல் உரிமையை எழுத்தில் ஏற்றார். சிவகங்கைப் பகுதியின் வேட்டங்குடியைச் சூழ்ந்த ஊர்களில், பறவைகள் அஞ்சும் என்று தீபாவளிக்கும் வெடி கொளுத்துவதில்லை. இம்மக்களிடம் கமரா இல்லை, பட்டியல் இல்லை, உறவு இருந்தது.

அப்படியாயின் படமே வேண்டாமா? அவ்வாறு நாம் கூறவில்லை. படம் வெற்றிச் சின்னமாகவும் இருக்கலாம், சான்றாகவும் இருக்கலாம். சான்று என்றால் யாது என்பதைத் திருகோணமலை அறியும். 2006 ஜனவரி 2ஆம் நாள் மாலை, நம் பட்டினக் கடற்கரையில் தமிழ் மாணவர் ஐவர் கொல்லப்பட்டனர். குண்டு வெடித்ததனால் இறந்தனர் என்று முதலில் கூறப்பட்டது. 'சுடர் ஒளி' நாளிதழின் செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் எடுத்த படங்கள், அவர்கள் உடல்களில் இருந்தவை துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் என்பதை உலகுக்குக் காட்டின. அதே மாதம் 24ஆம் நாள் காலையில் அவர் இப்பட்டினத்திலே சுட்டுக் கொல்லப்பட்டார். அம்மாணவர்களின் கொலைக்காக இன்றுவரை எவரும் தண்டிக்கப்படவில்லை. ஆனால் அப்படங்கள் உள்ளவரை, குண்டு வெடித்தது என்று எவரும் கூற இயலாது.

பறவைப் படத்தை அந்தப் படத்தோடு ஒப்பிடுவது சிலருக்கு வரம்பு மீறியதாகத் தோன்றலாம். இரண்டையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்க நாம் முற்படவில்லை. ஒரே கடற்கரை, ஒரே வகைக் கருவி; அக்கருவி எதற்காக ஏந்தப்படுகின்றது என்ற கேள்வியையே எழுப்புகின்றோம். அவர் எடுத்த படம் அவருக்குப் புகழ் தேடுவதற்காக அன்று. பேச இயலாதவர் பொருட்டு. படமெடுத்தவனுக்குப் படத்தில் உள்ளவர்பால் ஒரு கடமை பிறக்கின்றது என்பதை அவர் தம் உயிரால் ஏற்றார். அதில் ஆயிரத்தில் ஒரு பங்கையாவது ஏற்காமல் நாம் ஓர் உயிரைப் படம் பிடித்தல் தகுமா?

அக்கடமை பெரிய தியாகத்தைக் கேட்பதுமன்று. கூட்டை நெருங்காதிருத்தல், முட்டையிடும் காலத்தில் இடத்தை வெளியிடாதிருத்தல், பறவை அஞ்சி எழுந்தால் படத்தை இழந்து பின்வாங்குதல், காட்டியவன் பெயரையும் எழுதுதல், எளிய பறவைகளையும் ஆண்டுதோறும் எண்ணிக் குறித்தல். 1987 முதல் ஒவ்வொரு ஜனவரியிலும் ஆசிய நாடுகள் பலவற்றில் தொண்டர்கள் நீர்ப்பறவைகளை எண்ணி வருகின்றனர். கொக்குக்கும் நீர்க்காகத்துக்கும் அக்கணக்கில் இடமுண்டு. நாளை ஒரு கடனீரேரியை நிரப்பி விடுதி கட்ட ஒருவன் வரும்போது, அங்கே பறவையே இருந்ததில்லை என்று அவன் சொன்னால், அதனை மறுப்பது அழகிய தனிப்படமன்று. ஆண்டுக்காண்டு எழுதிய அந்தக் கணக்கே.

ஆட்காட்டியின் பெயர்க் காரணத்தை நாம் எண்ணிப் பார்ப்பதுண்டு. வேடனோ அயலானோ வயலுக்குள் புகுந்தால், அது வானில் எழுந்து கத்தி எல்லா உயிர்களுக்கும் அறிவிக்கும். ஆளைக் காட்டுவதனால் அது ஆட்காட்டி. தன் கூட்டின் இடத்தையோ அது ஒருபோதும் காட்டாது. ஆள் வரும்போதே முட்டையை விட்டு நழுவி ஓடி, வேறொரு திசையில் நின்று கத்தும். எதைக் காட்டவேண்டும், எதைக் காட்டக்கூடாது என்பதை அது அறிந்திருக்கின்றது. படித்த நமக்கு அது தெரியவில்லை.

இவற்றையெல்லாம் பின்னொரு நாள் அந்த மாணவனிடம் பேசினோம். தவறு நம்முடையது என்றும் கூறினோம். அவன் ஒன்றும் சொல்லவில்லை. அவ்வாண்டு முழுதும் சனிக்கிழமைகளில் வீதியோரத்தில் நின்று வயலில் உள்ள பறவைகளை எண்ணிப் பழைய பயிற்சிக் கொப்பி ஒன்றில் எழுதிவந்தான். கொக்கு இத்தனை, மைனா இத்தனை, ஆட்காட்டி இரண்டு. அடுத்த சிறுபோகத்தின்போது ஒருநாள் பாடசாலை விட்டபின் நம்மிடம் வந்து, "ஆட்காட்டி திரும்ப முட்டை இட்டிருக்கு, சேர்" என்றான். எங்கே என்று அவன் சொல்லவில்லை. நாமும் கேட்கவில்லை.